பழைய காரும் நமது உரிமையும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது சட்ட விஷயம் பேசுங்கள். ஆனால் உயில், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் வேண்டாம். அதை மூன்று தடவை கேட்டாயிற்று" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் இன்று செகண்ட் ஹேண்ட் கார் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இன்று நம் நாட்டில் ஒரு வருஷத்தில் கைமாறும் பழைய கார்கள், விற்பனையாகும் புதிய கார்களைவிட அதிகம். நம் மும்பைக் குடும்பங்களிலும் அப்படித்தான். பெண்ணோ பிள்ளையோ வேலைக்குச் சேர்ந்து ஓட்டிப் பழக முதல் வண்டி, ரிடையர் ஆனபின் கோவிலுக்கும் டாக்டரிடமும் போய்வர ஒரு சின்ன வண்டி என்று பழைய காரைத்தான் முதலில் பார்க்கிறோம். நாலு லட்சம், ஆறு லட்சம் என்பது நம்மில் பலருக்கு பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி. அது போனால் திரும்பச் சம்பாதிக்கும் வயதில்லை.

ஆனால் வண்டியில் கோளாறு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். தெரிஞ்சுதானே வாங்கினோம்?" டீலரும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்வது பாதிதான் சரி. மீதிப் பாதி என்ன என்பதே இன்றைய பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குபவர்தான் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பழைய விதி. ஆங்கிலேயர் காலத்தில் வந்த 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவும் அந்த விதியில்தான் தொடங்குகிறது. ஆனால் அதே பிரிவு விலக்குகளும் தருகிறது. இன்ன உபயோகத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த உபயோகத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும். அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரிடம், அவர் சொன்ன விவரத்தை வைத்து வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்.

இதிலேயே நமக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாம் பொருளைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது. கதவில் நசுங்கல் இருந்தது என்று மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எஞ்சினுக்குள் இருந்த விரிசலைச் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. இதில் 'சரக்கு' என்பதன் விளக்கத்தில் புதியது, பழையது என்ற பாகுபாடே இல்லை. அதைவிட முக்கியம் 'குறைபாடு' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம். ஒரு சட்டப்படி இருக்க வேண்டிய தரம், ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம், அல்லது வியாபாரி எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரம், இவற்றில் எது குறைந்தாலும் அது குறைபாடு.

'வியாபாரி எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட' என்ற வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரில் நம் உரிமை முழுவதும் அந்த வார்த்தைகளில்தான் நிற்கிறது. புதிய காருக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி உண்டு. பழைய காருக்கு டீலர் என்ன சொன்னார் என்பதே அளவுகோல். எட்டு வருஷ வண்டி புதிது போல ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருஷ வண்டி என்று எதைச் சொல்லி விற்றாரோ, அதுவாக அது இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறது.

விற்றது யார்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நான்கு விதமாக வண்டி நம் கைக்கு வரலாம்.

ஒன்று, சொஸைட்டியில் பக்கத்து ஃபிளாட்காரர் தன் சொந்த வண்டியை விற்கிறார். அவர் வியாபாரி இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு அவர்மேல் போக முடியாது. பொய் சொல்லி விற்றிருந்தால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு, கடை வைத்து விற்கும் டீலர், அல்லது கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் ஷோரூம். இவர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் நேராக வருகிறார்கள்.

மூன்று, இன்டர்நெட் வழியாக விற்கும் நிறுவனங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுவனமே வண்டியை வாங்கி நமக்கு விற்கிறதா, அல்லது வேறொருவர் விற்பதற்கு இடம் மட்டும் கொடுக்கிறதா? பில்லில் 'விற்பவர்' என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். எப்படியிருந்தாலும், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்கள் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் நம் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

நான்காவது, ரோட்டோரப் புரோக்கர். ஒரு போன் நம்பர், ஒரு டீக்கடை, இவ்வளவுதான் அவர் விலாசம். பணம் ரொக்கம், பில் கிடையாது. சட்டம் இவரையும் பிடிக்கும். ஆனால் அதற்கு முதலில் ஆள் நம் கையில் பிடிபட வேண்டும்.

டீலரிடம் கேட்க வேண்டிய ஒரு காகிதம் உண்டு. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஃபார்ம் 29பி. ஐந்து வருஷம் செல்லும். "29பி இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்று வகைக் கோளாறு

முதல் வகை, தேய்மானம். கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, பேட்டரி, டயர், வைப்பர் எல்லாம் ஓட ஓடத் தேய்பவை. ஒன்பது வருஷ டீசல் வண்டி வாங்கிய ஒருவர், நாலு மாதம் கழித்து ஏ.ஸி. கம்ப்ரஸர் போய்விட்டது, கேஸ் போடலாமா என்று கேட்டார். டீலர் ஏ.ஸி. பற்றி எழுத்தில் எதுவும் சொல்லவில்லை. வாங்கிய அன்று ஏ.ஸி. நன்றாகவே வேலை செய்தது. "வேண்டாம், அந்த நேரத்தில் ரிப்பேர் பண்ணிவிடுங்கள்" என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால் ஜெயிக்க முடியாத கேஸைப் போடாமல் இருப்பதும் உரிமையைத் தெரிந்துகொள்வதில் சேர்த்தி.

இரண்டாவது வகை, மறைத்த குறையும் சொன்ன பொய்யும். மீட்டரைக் குறைப்பது, விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டியை 'ஆக்ஸிடென்ட் ஃப்ரீ' என்பது, மூன்றாவது ஓனரின் வண்டியை 'சிங்கிள் ஓனர்' என்பது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்பது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் பார்த்தோம். இப்படி மூழ்கிய வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் விட்டுவிடும். வாங்கியவர்களில் சிலர் அதைக் காயவைத்து, வேறு ஊரில் நல்ல வண்டி என்று விற்றுவிடுகிறார்கள். தண்ணீர் புகுந்த வண்டியில் ஒயரிங் கோளாறு மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.

இந்த இரண்டாவது வகையில்தான் நமக்கு முழு உரிமை. பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்வது நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை. பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிகமுறையே. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே.

மூன்றாவது வகை, காகிதக் கோளாறு. எஞ்சின் நன்றாக இருக்கும். வண்டி நம்முடையதாக இருக்காது. பழைய ஓனரின் பாங்க் லோன் முடிந்திருக்காது. ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு அப்படியே இருக்கும். கையெழுத்து மட்டும் போட்ட ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் கொடுத்து, "ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் எங்க ஆள் பாத்துப்பான்" என்பார்கள். ஆறு மாதம் ஆகியும் பெயர் மாறியிருக்காது. இந்த வகையை நாம்தான் அலட்சியம் செய்கிறோம். விற்கும் உரிமை இல்லாதவர் விற்றால் விலையைத் திரும்பக் கேட்கலாம் என்று 1930ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ஒரு நடந்த விஷயம்

இரண்டாவது வகைக்கு ஒரு உதாரணம். பெயர், இடம் வேண்டாம். நம் அன்பர் ஒருவர், பாங்க் வேலையில் இருந்து ரிடையர் ஆனவர். மாமிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, வாரம் மூன்று நாள் பிஸியோதெரபி. ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை. ஆறு வருஷ வண்டி ஒன்றை 4,85,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். விளம்பரத்தில் 41,000 கிலோமீட்டர் என்று இருந்தது. "அங்கிள், சிங்கிள் ஓனர், டாக்டர் கீ காடி ஹை, ஏக்தம் ஷோரூம் கண்டிஷன்" என்றார் டீலர்.

ஐந்தாவது வாரம் கியர்பாக்ஸில் சத்தம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அவர்கள் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் முன்பே இந்த வண்டி 87,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்திருக்கிறது. அன்பர் வீட்டுக்கு வந்து, "போறது போ, யார்கிட்டயும் சொல்லாதே" என்றாராம்.

மாமிதான் விடவில்லை. "முழங்கால் எனக்கு, பணம் நம்ம ரெண்டு பேருக்கும். நான் விளம்பரத்தை போன்ல எடுத்து வச்சிருக்கேன்" என்றார். வண்டி பார்க்கப் போகுமுன் அந்த விளம்பரத்தையும், டீலர் அனுப்பிய வாட்ஸப் செய்திகளையும் பத்திரமாகச் சேமித்திருந்தார். கேஸுக்கு உயிர் கொடுத்தது அதுதான்.

புகார்க் கடிதத்துக்கு டீலரின் பதில், "மீட்டரை நாங்கள் தொடவில்லை. முந்தைய ஓனர் மாற்றியிருக்கலாம்." இது ஒரு பதிலே அல்ல. மீட்டரை யார் திருப்பினார்கள் என்பது அவருக்கும் முந்தைய ஓனருக்கும் உள்ள விவகாரம். 41,000 என்று விளம்பரம் போட்டு நம்மிடம் விற்றது யார்? சர்வீஸ் சென்டரில் ஒரு விசாரணை செய்தால் தெரியக்கூடியதை, அதையே தொழிலாகக் கொண்டவர் செய்யவில்லை என்றால் அந்தப் பொறுப்பு அவருடையது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டார்கள். சமரசப் பேச்சில் டீலர் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஓட்டியதற்காக 40,000 ரூபாய் கழித்து மீதியைக் கொடுத்தார். மொத்தம் பதினொரு மாதம் ஆயிற்று.

'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம்

டெலிவரி நோட்டில் பொடி எழுத்தில் 'ஆஸ் ஈஸ் வேர் ஈஸ்' என்று இருக்கும். உள்ளது உள்ளபடி விற்கிறோம், பிறகு பொறுப்பில்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. சட்டம் தானாகச் சேர்க்கும் சில நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ள 1930ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவது உண்மை. ஆகவே தேய்மானம் பற்றிய வாதத்தில் அந்த வாசகம் டீலருக்கு உதவும். ஆனால் மோசடிக்கு அது கவசம் ஆகாது. 'உள்ளது' என்ன என்பதிலேயே பொய் சொன்னவர், 'உள்ளபடி' விற்றேன் என்று தப்பிக்க முடியாது.

இன்னொரு வாசகம், தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பு மட்டும்தான் என்பது. அப்படி ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடையில்லை என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் உறுதி செய்திருக்கிறது.

வாங்கும் அன்றே செய்ய வேண்டியவை

கேஸை ஜெயிப்பது கோர்ட்டில் அல்ல, வண்டி வாங்கும் நாளில். குறையை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது என்று 2021இலும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே:

1. விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விற்றதும் அது மறைந்துவிடும்.

2. டீலர் வாயால் சொன்ன ஐந்து விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர், பெரிய விபத்து உண்டா, வெள்ளத்தில் மூழ்கியதா, லோன் பாக்கி உண்டா. கடை முத்திரையோடு ஒரு தாள் போதும். தர மறுத்தால், "நீங்கள் சொன்னபடி இன்னின்ன" என்று நீங்களே வாட்ஸப்பில் அனுப்பி, "ஆமாம்" என்று பதில் வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

3. பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, ஓனர் வரிசை, அடமானம், இன்ஷூரன்ஸ், செலுத்தாத இ-சலான் எல்லாம் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள்.

4. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். ஓனரின் சம்மதம் வேண்டும் என்றால் டீலரை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

5. இன்ஷூரன்ஸ் பாலிஸியில் 'நோ க்ளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாமல் ஐந்து வருஷம் போனால் 50 சதவீதம் வரை ஏறும். ஆறு வருஷ வண்டிக்கு, அதே ஓனர் கையில், பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள். விபத்துக்கு க்ளெய்ம் வாங்கியிருக்கலாம்.

6. ஸீட் பெல்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றது. டயரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2220 என்றால் 2020ஆம் ஆண்டு 22ஆவது வாரம். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நாலு டயரும் சமீபத்தில் மாற்றியவை என்றால் யோசியுங்கள்.

7. பணம் செக்கிலோ பாங்க் வழியாகவோ கொடுங்கள். முழுத் தொகைக்கும் பில் வாங்குங்கள். பாதி ரொக்கம், பில்லில் பாதி என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு உங்கள் கையில் இருக்கும் நிரூபணமும் பாதிதான்.

8. வாரண்டி தருகிறோம் என்றால், யார் தருவது, எதற்கெல்லாம் இல்லை என்று படியுங்கள். வேறு கம்பெனி தரும் வாரண்டி என்றால் பிறகு இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸையும் மறக்காதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிஸியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்கு 30 நாள் கெடு. ரிடையர் ஆகிச் சென்னைக்கோ பாலக்காட்டுக்கோ வண்டியைக் கொண்டுபோகப் போகிறவர்கள், ஃபார்ம் 28 என்.ஓ.சி.யும் அந்த மாநில வரியும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவு அவசியம்.

கோளாறு வந்தபின்

முதலில், தெருமுனை மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரித்தபின் டீலர், "உங்க மெக்கானிக்தான் கெடுத்தார்" என்பார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி, என்ன கோளாறு, எவ்வளவு நாளாக இருந்திருக்கலாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ரிப்பேர் செய்தே ஆக வேண்டுமென்றால் போட்டோ எடுத்து, கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். கோளாறு தெரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டினால் பணத்தைத் திரும்பக் கேட்கும் வாதம் பலவீனமாகும்.

அடுத்து, டீலருக்குக் கடிதம். கோபம் வேண்டாம். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அவர் சொன்னது, இப்போது தெரிந்தது, நாம் கேட்பது, 15 நாள் கெடு. ஒரு பக்கம் போதும். ஈமெயிலிலும், ஸ்பீட் போஸ்டில் டெலிவரி அத்தாட்சியோடும் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்பதில்லை. நாம் கேட்பதும் நியாயமாக இருக்கட்டும். முப்பதாயிரம் ரூபாய் ரிப்பேருக்கு முழு விலையையும் மன உளைச்சலுக்குப் பத்து லட்சத்தையும் கேட்டால் நம் கடிதத்துக்கு மதிப்பு இருக்காது.

லோன் போட்டு வாங்கியிருந்தால் இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். பாங்குக்கும் நமக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு. டீலர்மேல் கோபத்தில் தவணையை நிறுத்தினால் கெடுவது நம் பெயர்தான்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல டீலர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். நம் மும்பையில் 1966இல் தொடங்கிய கன்ஸ்யூமர் கைடன்ஸ் சொஸைட்டியும், 1975இல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத்தும் இருக்கின்றன. அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. டீலர் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். இது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய சௌகரியம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். வீடியோ மூலம் விசாரணை வேண்டும் என்றும் கேட்கலாம். கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்த டீலர் 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் அவகாசம் கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது. அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குறையைச் சரிசெய்ய, விலையை வட்டியோடு திருப்பித் தர, நஷ்டஈடு தர ஆணையம் உத்தரவிடலாம். டீலர் அப்பீல் போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

நம்மில் பலர் பழைய வண்டியை டீலரிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட ஃபார்ம்களையும் கொடுத்துவிட்டு மறந்துபோகிறோம். அந்த வண்டி நாளைக்கு யாரையாவது இடித்தால், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்து, ஃபார்ம் 29சி மூலம் வண்டியை ஒப்படைத்ததைப் பதிவு செய்யுங்கள். அதன்பின் விதிகளின்படி டீலரே ஓனராகக் கருதப்படுவார்.

வெட்கம் யாருக்கு?

கடைசியாக ஒன்று. இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை, நம்மவர்கள் புகார் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் சட்டம் தெரியாதது மட்டும் இல்லை. "இவ்வளவு படிச்சிருந்தும் ஏமாந்துட்டாரே" என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சம். கோர்ட், கச்சேரி என்று போவது நம் குடும்பத்துக்கு வழக்கமில்லை என்ற தயக்கம். பெரியவர்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. "அமெரிக்காவுல இருக்கான், அவனை ஏன் கஷ்டப்படுத்தணும்" என்று ஓடாத வண்டிக்குக் கவர் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள்.

நம்பியவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்பிக்கையை விற்றுப் பணம் பண்ணியவர்தான் வெட்கப்பட வேண்டும். நாம் பேசாமல் இருந்தால், திரும்ப எடுக்கப்படாத பொய் மீட்டர் அடுத்த வாரம் இன்னொரு வண்டியில் ஓடும். அதை வாங்குபவர் நம் சங்கத்திலேயே இன்னொருவராக இருக்கலாம்.

ஆகவே வண்டி வாங்குமுன் எழுதி வாங்குங்கள். கோளாறு வந்தால் எழுதிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சங்கத்தில் யாரிடமாவது சொல்லுங்கள். கடிதம் எழுத உதவ இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வண்டி வாங்கி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டத் தொடங்குமுன், அந்த ஒரு தாளையும் டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.